கையை விட்டு இறங்காத குழந்தை

பிறந்து மூன்று வாரமோ நான்கு வாரமோ ஆன சிசு ஒன்று, வயிறாரப் பால் குடித்து, ஈரத்துணி மாற்றப்பெற்று, நோய்நொடி ஏதுமின்றித் தாயின் தோளிலே சாய்ந்து அயர்ந்து உறங்குவதும், அதனைப் பாயிலே கிடத்திய மறு விநாடியே கண் விழித்து வீறிட்டு அழுவதும், மறுபடி தூக்கியவுடன் அழுகை நின்றுபோவதும் பிள்ளை பிறந்த வீடுகளிலெல்லாம் நடக்கிற காரியம்தான். ஆயினும் அதற்குச் சொல்லப்படும் காரணங்களும் பரிகாரங்களும் ஒரே வீட்டில் கூடத்துக்கும் அடுக்களைக்கும் இடையிலேயே மாறிப்போகின்றன. "கைச்சூடு கண்டுவிட்டது, இனி எங்கே இறங்கப் போகிறது?" என்பாள் அத்தை. "தூக்கித் தூக்கிப் பழக்கிவிட்டீர்கள்; சற்று நேரம் அழவிட்டால் தானே அடங்கும்" என்பார் இரண்டு புத்தகம் படித்த சித்தப்பா. "பச்சைப் பிள்ளையை அழவிடவாவது!" என்று முணுமுணுத்துக்கொண்டே பாட்டி வந்து எடுத்துக்கொள்வாள். இந்த மூன்று அபிப்பிராயங்களுக்கும் நீண்ட சரித்திரம் உண்டு. மூன்றையும் ஆராய்ச்சியாளர் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். குழந்தை ஏன் அழுகிறது, அழுதால் என்ன செய்வது என்ற இரண்டு கேள்விகளையே எல்லோரும் எழுப்புகிறார்கள். தூக்குவதற்கு அந்த வீட்டில் எத்தனை கைகள் இருக்கின்றன என்ற மூன்றாவது கேள்வியை எழுப்புவோர் குறைவு. அதுவே மற்ற இரண்டுக்கும் அடியில் கிடக்கிறது என்பது என் கருத்து.

பிராணி நூலார், பாலூட்டிகளின் இளங்குட்டிகளை அவை வளர்கிற விதத்தைக் கொண்டு வகை பிரிப்பதுண்டு. முயற்குட்டி கண் திறவாமல் பிறந்து வளைக்குள்ளே கிடக்கும். தாய் முயல் நாளுக்கு ஒருமுறை வந்து சில நிமிஷங்கள் பால் கொடுத்துவிட்டுப் போய்விடும். தாய் இல்லாத நேரத்தில் ஓசையின்றிக் கிடப்பதே அக்குட்டிக்கு உயிர்க்காப்பு. கன்றும் ஆட்டுக்குட்டியும் பிறந்த சிறிது நேரத்திலேயே எழுந்து தாயின் பின்னே நடக்கும். குரங்குக் குட்டியோ தாயின் மயிரைப் பற்றிக்கொண்டு அவள் மேனியிலேயே வாழும். ஹாஸன்ஷ்டைன் என்ற ஜெர்மானிய உயிர்நூல் அறிஞர், மனித சிசுவும் இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்ததே, அதாவது சுமக்கப்படுவதற்கென்றே பிறந்தது என்று 1970-இல் வற்புறுத்தினார். இரண்டு ஆண்டுகள் கழித்துப் பிளர்ட்டன் ஜோன்ஸ் என்ற ஆங்கிலேயர் அதே முடிவுக்குப் பாலின் வழியாக வந்து சேர்ந்தார். நாளுக்கு ஒருமுறை ஊட்டுகிற முயலின் பாலிலே புரதம் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் இருக்க, மனிதத் தாயின் பாலில் அது ஏறத்தாழ ஒரு பங்குதான். இவ்வளவு நீர்த்த பால், அடிக்கடி சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டிய குட்டிக்கே பொருந்தும். அடிக்கடி குடிப்பதற்குக் குட்டி தாயின் அருகிலேயே இருந்தாக வேண்டும். குரங்குக்கு உள்ள ஒரு சௌகரியம் மட்டும் நம் சிசுவுக்கு இல்லை: பற்றிக்கொள்ளத் தாயின் உடலில் மயிரும் இல்லை, பற்றத் தக்க பாதமும் அதற்கு இல்லை. ஆகவே தான் பற்ற வேண்டிய வேலையைத் தாயின் கைக்கு விட்டுவிட்டு, கை விலகினால் கூவி அழைக்கும் தொழிலை மட்டும் அது தன்னிடம் வைத்துக்கொண்டிருக்கிறது.

பற்றுகிற பழைய பழக்கம் அடியோடு அற்றுவிடவில்லை என்பதற்கு ஒரு சாட்சி தினந்தோறும் நம் கண்ணெதிரே நடக்கிறது. குழந்தையைப் படுக்க வைக்கும்போது அதன் தலை சற்றே சரிந்தால் போதும். இரு கைகளும் அகல விரிந்து, விரல்கள் மலர்ந்து, அடுத்த கணமே எதையோ கட்டிக்கொள்வதுபோல் மார்பின் முன்னே வளைந்து குவியும். பின்னாலேயே அழுகை வரும். 'பிள்ளை தூக்கிவாரிப் போடுகிறது' என்று நம் பெண்கள் சொல்லும் இந்த அசைவை எர்ன்ஸ்ட் மோரோ என்ற குழந்தை வைத்தியர் 1918-இல் விவரித்து எழுதினார். விழப்போகும் குட்டி தாயைக் கட்டிப் பிடிக்கும் முயற்சியே அது என்று அவர் கருதினார். நான்கைந்து மாதங்களில் அது தானே மறைந்துவிடும். அதுவரை, வேகமாகக் கீழே இறக்குகிற ஒவ்வொரு முறையும் குழந்தைக்கு விழுகிற உணர்ச்சியைத்தான் நாம் தருகிறோம்.

சுபாவம் இவ்வாறிருக்க, தூக்குவது கெடுதல் என்ற சித்தாந்தம் எங்கிருந்து பிறந்தது? நியூயார்க்கின் பிரசித்தமான குழந்தை வைத்தியரான எம்மெட் ஹோல்ட், 1894-இல் தாய்மாருக்கும் தாதிகளுக்கும் வினாவிடை ரூபமாக ஒரு சிறு நூல் வெளியிட்டார். அழுகை குழந்தைக்குத் தேகப்பயிற்சி, தொட்டிலாட்டுவது வேண்டாத வழக்கம், பிடிவாதத்தால் அழும் குழந்தையை அழுது ஓய விட்டுவிட வேண்டும் என்பவை அவர் போதனைகள். நியூஜிலாந்தில் ட்ரூபி கிங் என்ற வைத்தியர் 1907-இல் தொடங்கிய இயக்கம், நான்கு மணி நேரத்துக்கு ஒரு தரம் கடிகாரத்தைப் பார்த்துப் பாலூட்டுவதை ஏறக்குறைய ஒரு மதாசாரமாகவே ஆக்கிற்று. 1928-இல் ஜான் வாட்ஸன் என்ற அமெரிக்க மனோதத்துவ ஆசிரியர் எல்லோரையும் மிஞ்சினார்: குழந்தையைக் கட்டி அணைக்கவும் மடியில் வைக்கவும் கூடாது, முத்தமிட்டே தீர வேண்டுமானால் இரவு உறங்கப் போகும்போது நெற்றியில் ஒன்று, காலையில் எழுந்ததும் கைகுலுக்கினால் போதும் என்றார் அவர். தாய்மாரின் அளவு கடந்த அன்பினால் விளையும் ஆபத்துக்கள் பற்றியே தனியாக ஓர் அத்தியாயமும் எழுதினார். பெற்ற பிள்ளையோடு கைகுலுக்கும் தாயை நினைத்தால் இன்று நமக்குச் சிரிப்பு வருகிறது. அக்காலத்தில் மிகப் பல தாய்மார் சிரிக்காமல் அதன்படி நடந்தார்கள்.

இவர்களை ஈரமற்றவர்கள் என்று தள்ளிவிடுவது நியாயமன்று. அனாதை விடுதிகளில் தொற்றுநோயால் சிசுக்கள் கூட்டங்கூட்டமாக மாண்ட காலம் அது. கை படாமல் வளர்ப்பதே சுத்தம் என்ற எண்ணம் அந்தப் பீதியில் வேரூன்றிற்று. புருஷன் ஆலைக்கோ அலுவலகத்துக்கோ போய்விட, பாட்டியும் அத்தையும் வேறு ஊரில் இருக்க, நான்கு சுவர்களுக்குள்ளே ஒற்றைப் பெண் ஒருத்தி சமைத்து, துவைத்து, பிள்ளையையும் பார்க்க வேண்டிய குடும்பமும் அந்த நகரங்களில்தான் பெருகிற்று. அவளிடம் போய் 'நாள் முழுவதும் தூக்கி வைத்துக்கொள்' என்று எந்த வைத்தியர் சொல்வார்? இயலாத காரியத்தைத் தகாத காரியம் என்று சொல்லிவிட்டால் அவள் மனமாவது ஆறும். கை குறைந்த இடத்தில்தான் இந்தச் சித்தாந்தம் செழித்தது என்று நான் கொள்வது இதனாலேயே.

1946-இல் பெஞ்சமின் ஸ்பாக், தாய்மார் தங்கள் சொந்த அறிவை நம்பலாம் என்று எழுதியபோது காற்று திசை மாறத் தொடங்கியது. தாயைப் பிரிந்த குழந்தைகளின் மனநிலையைப் பற்றி ஜான் பௌல்பி உலக சுகாதார ஸ்தாபனத்துக்கு அளித்த அறிக்கை 1951-இல் வெளிவந்தது. 1958-இல் ஹாரி ஹார்லோ தம் குரங்குப் பரீட்சைகளை வெளியிட்டார்: கம்பியால் செய்த பொம்மைத் தாயின் மார்பிலே பால் வைத்து, மெத்தென்ற துணி சுற்றிய பொம்மைத் தாயிடம் ஒன்றும் வையாமல் விட்டபோதும், குட்டிகள் பசித்தபோது மட்டும் கம்பியிடம் போய்க் குடித்துவிட்டு, மற்றப் பொழுதெல்லாம் துணியையே கட்டிக்கொண்டிருந்தன. ஊட்டுகிறவளிடம் ஒட்டுவதே பாசம் என்றிருந்த எண்ணம் அத்துடன் ஆட்டங்கண்டது. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்ற நம் பழமொழியும் பாதி உண்மைதான் சொல்கிறது. ஸ்பரிசத்துக்காக மட்டும் அழும் அழுகையும் உண்டு.

இனி, தூக்கினால் பழகிக் கெட்டுவிடுமா என்பது. பால்ட்டிமோர் நகரத்தில் 26 தாய்களையும் சேய்களையும் ஓராண்டு காலம் வீடு தேடிச் சென்று கவனித்த ஸில்வியா பெல், மேரி எய்ன்ஸ்வொர்த் இருவரும் 1972-இல் எழுதியது இது: முதல் மாதங்களில் எந்தக் குழந்தையின் அழுகைக்குத் தாய் தாமதமின்றிச் செவி சாய்த்தாளோ, அந்தக் குழந்தையே ஆண்டு முடிவில் குறைவாக அழுதது. அத்தையின் கட்சி இதனால் தோற்றுவிட்டது என்று சொல்லத் தோன்றும். ஆனால் கணக்கு முறை சரியில்லை என்று 1977-இலேயே கண்டனம் எழுந்தது. 2000-இல் நெதர்லாந்தில் அதே பரீட்சையைத் திருப்பிச் செய்தவர்களுக்கு அதே முடிவு கிடைக்கவில்லை. அற்ப அழுகையைச் சற்றுப் பொறுத்துப் பார்த்த இடங்களில் அழுகை சிறிது குறைந்திருக்கவும் கண்டார்கள். எனவே, உடனே தூக்கினால் அழுகை வற்றிவிடும் என்று சத்தியம் செய்வதற்கில்லை. தூக்குவதால் முதல் மூன்று மாதச் சிசு கெட்டுப்போகும் என்பதற்கும் நல்ல ஆதாரம் ஏதும் எழவில்லை. 'இப்படி அழுதால் இவர்கள் தூக்குவார்கள்' என்று சூழ்ச்சி செய்யும் அறிவு அந்த வயதில் அதற்கு வாய்த்திருப்பதாக நம்புவதும் கடினம்.

அழுகைக்கென்று தனிப்பட்ட ஒரு கால அட்டவணை உண்டு என்பதைப் பெற்றோர் முதலில் தெரிந்துகொண்டால் பாதி வேதனை குறையும். அமெரிக்க வைத்தியர் பெர்ரி பிராஸெல்டன், தாய்மாரைக் கொண்டே நாட்குறிப்பு எழுதச் செய்து 1962-இல் வெளியிட்ட கணக்கின்படி, இரண்டாம் வாரத்தில் நாளொன்றுக்கு ஒன்றே முக்கால் மணி நேரமாக உள்ள அழுகை, ஆறாம் வாரத்தில் இரண்டே முக்கால் மணி நேரமாக ஏறி, பிறகு படிப்படியாக இறங்குகிறது. அதிலும் மாலையும் முன்னிரவுமே கூடுதல். கலஹாரிப் பாலைவனத்துக் குங் மக்கள் குழந்தையை நாள் முழுவதும் உடலோடு கட்டிச் சுமந்து, மணிக்குப் பலமுறை பாலூட்டுபவர்கள். அவர்களுடைய சிசுக்களிடமும் முதல் மாதங்களில் இந்த ஏற்றம் காணப்பட்டதாக 1991-இல் ரொனால்ட் பாரும் அவர் கூட்டாளிகளும் எழுதினார்கள். எத்தனை முறை அழுகிறது என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் நீள்கிறது என்பதில்தான் குறைவு தெரிந்தது.

இதே ரொனால்ட் பார், ஹுன்ஸிகர் என்பவரோடு சேர்ந்து 1986-இல் கனடாவில் நடத்திய பரீட்சை இத்துறையில் மிகவும் பேசப்பட்டது. 99 தாய்மாரைச் சீட்டுப் போட்டு இரண்டாகப் பிரித்து, ஒரு சாராரைக் குழந்தை அழாத நேரத்திலும் கூடுதலாகத் தூக்கி வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஆறாம் வாரத்தில் அந்தக் குழந்தைகளின் அழுகை மற்றவற்றைவிட நூற்றுக்கு 43 பங்கு குறைந்திருந்தது. அழுத பிறகு எடுப்பதைக் காட்டிலும், அழுமுன் எடுத்து வைத்திருப்பதற்குப் பலன் அதிகம் என்பது இதன் சாரம். பின்னால் வந்த சோதனைகள் எல்லாம் இவ்வளவு தாராளமான பலனைக் காட்டவில்லை. வயிற்றுவலி என்று சொல்லும்படி மணிக்கணக்காகக் கதறும் குழந்தைகளுக்கு இது உதவவுமில்லை. 2006-இல் லண்டன் பெற்றோரையும் கோபன்ஹேகன் பெற்றோரையும், விரதம்போல் நாளெல்லாம் தூக்கி வைத்திருந்த வேறொரு கூட்டத்தாரையும் ஒப்பிட்டபோது, குறைவாகத் தூக்கிய லண்டனில் குழந்தைகள் முதல் வாரங்களில் ஒன்றரை மடங்கு அழுதன. என்ன செய்தும் அடங்காத அழுகை மட்டும் மூன்று இடத்திலும் ஒரே அளவில் இருந்தது. நாளெல்லாம் தூக்கியவர்களின் பிள்ளைகள் மூன்றாம் மாதத்திலும் இரவில் கூடுதலாக எழுந்து அழுதன என்பதையும் மறைப்பதற்கில்லை. தூக்குதல் அழுகையைச் சுருக்கும், ஒழிக்காது. ஒழியாத மிச்சத்துக்குத் தாயைக் குற்றம் சொல்லவும் இடமில்லை.

தூக்கிக்கொண்டு உட்கார்ந்தால் அழுகிறது, எழுந்து நடந்தால் நிற்கிறது என்று அலுத்துக்கொள்ளாத தாய் இல்லை. ஜப்பானில் குமி குரோடாவின் குழுவினர் இதனை 2013-இல் கருவி வைத்து அளந்தார்கள். தாய் எழுந்து நடக்கத் தொடங்கிய சில விநாடிகளுக்குள் சிசுவின் இதயத் துடிப்பு தணிகிறது, கைகால் துள்ளல் நிற்கிறது, அழுகை குறைகிறது; எலிக்குஞ்சைத் தாய் கவ்வித் தூக்கும்போதும் இதுவே நிகழ்கிறது. ஓடும்போது குட்டி முரண்டு பிடித்தால் இருவருக்கும் ஆபத்தல்லவா? அதே குழுவினர் 2022-இல் 21 குழந்தைகளைக் கொண்டு மேலும் நுட்பமாகச் சோதித்தார்கள். ஐந்து நிமிஷம் ஒரே சீராக, திடீர் நிறுத்தமோ திருப்பமோ இன்றி நடப்பது, உறங்கிவிட்டால் உடனே கிடத்தாமல் ஐந்து முதல் எட்டு நிமிஷம் வரை தூக்கியபடியே உட்கார்ந்திருப்பது, அதன்பின் கிடத்துவது. இதுவே அவர்கள் வகுத்த உபாயம். முதுகு படுக்கையைத் தொடும்போது குழந்தை விழிப்பதாக நாம் எண்ணியிருக்க, தாயின் உடலிலிருந்து அதன் உடல் பிரியத் தொடங்கும் கணத்திலேயே துடிப்பு எகிறுகிறது என்று அந்தக் கருவிகள் காட்டின.

பிள்ளை வளர்த்துத் தேர்ந்த கிழவி ஒருத்தி கிடத்துகிற விதத்தைக் கூர்ந்து பார்த்தவர்களுக்கு இது புதுச் செய்தியாகத் தோன்றாது. அவள் நின்றபடி குழந்தையை இறக்க மாட்டாள். முதலில் தானே பாயில் உட்கார்ந்து, குழந்தையின் மேல் தன் உடலையும் சேர்த்துக் குனிந்து, முதலில் புட்டத்தையும் பிறகு முதுகையும் கடைசியாகத் தலையையும் தரையிலே பதிப்பாள்; தலைக்கடியிலிருந்த கையை உருவுவதற்கு முன்பே மறு கை மார்பின்மேல் ஏறியிருக்கும். அந்தக் கையின் கனத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்து, தட்டலையும் மெல்ல மெல்லத் தளர்த்தி, விரல் நுனி மட்டும் படும்படி வைத்திருந்து, மூச்சு சீராகிவிட்டது என்று கண்ட பிறகே எடுப்பாள். தூளியில் இடுவதாயின், நூல் இற்றுப்போகாத பழைய நூற்சேலையை, அதுவும் தாய் உடுத்தி நைந்ததை, உத்தரத்து வளையத்தில் மாட்டி முடிச்சைத் தன் பாரத்தால் இழுத்துச் சோதித்து, இரு விளிம்பும் முகத்தில் மூடாதபடி நடுவே கட்டை கொடுத்து அகற்றி வைப்பாள். உடலைச் சுற்றித் துணி அணைக்கிறது, தாயின் வாசனை வருகிறது, ஆட்டம் நிற்பதில்லை. இல்லாத கைக்குப் பதிலாக ஏற்பட்ட யுக்திகளில் தூளிக்கு நிகரானது நான் அறிந்தவரை வேறில்லை. ஆனால் தூளிக்குள்ளே கழுத்து மடங்கிக் கிடப்பது, குறிப்பாகக் குறைமாதச் சிசுவுக்கு, மூச்சுத் தடையாகக் கூடும்; நீண்ட உறக்கத்துக்குத் தட்டையான, இறுக்கமான படுக்கையில் மல்லாந்து கிடத்துவதே சரி என்று இன்றைய வைத்தியர் சொல்வதைத் தூளி பிரியர்களும் ஏற்க வேண்டும். பிள்ளையை மார்பில் போட்டுக்கொண்டு சோபாவிலோ சாய்வு நாற்காலியிலோ பெரியவர் உறங்கிவிடுவது மிகுந்த அபாயம்.

கைக்குப் பதிலாக மருந்தைத் தேடிய கதை துயரமானது. அமெரிக்காவில் 1849 முதல் விற்பனையான 'வின்ஸ்லோ அம்மாள் சாந்த பானகம்' என்பதில் மார்ஃபின் என்ற மயக்க மருந்து இருந்தது. குழந்தை சாந்தமடைந்தது, சில சமயம் மீண்டும் எழவே இல்லை. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் பம்பாய்ப் பஞ்சாலைகளுக்கு வேலைக்குப் போன தாய்மார் சிசுவுக்கு அபின் உருண்டை கொடுத்து உறங்க வைத்துவிட்டுப் போனதும் இவ்வகையே. நாள் முழுவதும் தூக்கி வைத்திருக்க அவர்களுக்கு ஆள் யார் இருந்தார்? 1851-இல் நாட்டிங்காமில் வில்லியம் உட்வர்ட் தயாரித்து, நம் வீட்டு அலமாரிகள் வரை வந்து சேர்ந்த கிரைப் வாட்டரிலும் ஆதியில் சாராயச் சத்து உண்டு. இன்று அது நீக்கப்பட்டுவிட்டாலும், ஆறு மாதம் வரை தாய்ப்பாலன்றி வேறெதுவும் வேண்டாம் என்ற விதி அதற்கும் பொருந்தும், உரைமருந்துக்கும் பொருந்தும். உரம் விழுந்திருக்கிறது என்று சேலையில் இட்டு உருட்டுவதையும் குலுக்குவதையும் விட்டுவிடுதல் நலம்.

ஓயாது அழும் பிள்ளையைக் 'கைப்பழக்கம்' என்று தள்ளிவிடுமுன் ஒருமுறை முழுவதும் அவிழ்த்துப் பார்க்க வேண்டும். அரைஞாண் இறுகியிருக்கலாம், எறும்பு கடித்திருக்கலாம். பிள்ளை பெற்ற மூன்றாம் நான்காம் மாதத்தில் தாய்க்குத் தலைமயிர் கொத்தாக உதிரும், அதில் ஓரிழை கால் விரலைச் சுற்றி இறுகி விரல் வீங்கியிருப்பதும் உண்டு. காய்ச்சல், பால் மறுப்பு, பச்சை நிற வாந்தி, வழக்கத்துக்கு மாறான கிரீச்சிட்ட அழுகை இவை இருந்தால் தாலாட்டுக்கு நேரமில்லை, ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தூக்குகிறவருக்கே கோபம் தலைக்கேறும் நேரமும் வரும். அப்போது பிள்ளையைப் பத்திரமான இடத்தில் கிடத்திவிட்டுப் பத்து நிமிஷம் வெளியே போய் நிற்பது பாவமன்று; பிடித்து உலுக்குவது மூளையில் இரத்தக் கசிவை உண்டாக்கிக் குருடாக்கும், கொல்லவும் செய்யும்.

கைகளின் கணக்குக்கு வருவோம். காங்கோவின் இடூரிக் காட்டில் வாழும் எஃபே மக்களை எட்வர்ட் ட்ரானிக் குழுவினர் கவனித்தபோது, நான்கு மாதக் குழந்தை பகற்பொழுதில் பாதிக்கு மேல் தாயல்லாத பிறர் கையிலேயே இருக்கக் கண்டார்கள். தலைப்பிரசவத்துக்குப் பெண் பிறந்தகம் போவதும், மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோதான் பிள்ளையோடு புக்ககம் திரும்புவதும் நம்மிடையே உள்ள வழக்கம். பிராஸெல்டனின் கணக்கோடு வைத்துப் பார்த்தால், அழுகை ஏறி இறங்குகிற காலம் முழுவதும் அவள் தன் தாய், சித்தி, தங்கை ஆகியோர் நடுவே இருந்துவிடுகிறாள். புக்ககம் வந்ததும் 'கைப்பழக்கம் பண்ணி அனுப்பிவிட்டார்கள்' என்ற பழி பிறந்தகத்தார் மேல் விழுவது அந்த வழக்கத்துக்கு நாம் கொடுக்கிற விலை.

அந்தக் கைகள் இப்போது நகரங்களில் குறைந்துவிட்டன. பாட்டியே வேலைக்குப் போகிறாள். குறைவைச் சட்டம் ஓரளவு ஈடு செய்கிறது. 2017 முதல் பிரசவ விடுமுறை 26 வாரம். தமிழ்நாட்டு அரசுப் பணியிலுள்ள பெண்களுக்கு 2021 முதல் பன்னிரண்டு மாதம். கட்டட வேலைக்கும் களையெடுக்கவும் போகும் பெண்ணுக்கு இந்த விடுமுறை எட்டுவதில்லை. முத்துலட்சுமி ரெட்டி பெயரால் அரசு தரும் பிரசவ உதவித் தொகை ஒருவாறு துணை. அதற்கு அப்பால் அவளுக்கு மரக்கிளையும் சேலையுமே கதி. தகப்பனுக்கோ, மத்திய அரசுப் பணியில் இருந்தால் 15 நாள். தனியார் கம்பெனியில் முதலாளியின் மனம்போல. அந்த 15 நாளைப் பிள்ளை பிறந்த ஆறு மாதத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விதியிலேயே இருக்கிறது. முதல் இரண்டு வாரத்தில், வீடு நிறைய உறவினர் இருக்கும்போது, மிட்டாய்ப் பெட்டியோடு அலைந்து அதைத் தீர்த்துவிடாமல், அழுகை உச்சத்துக்கு ஏறும் ஐந்தாம் ஆறாம் வாரத்துக்கென்று வைத்திருந்து, மாலை ஐந்து மணிக்குப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கூடத்துக்கும் வாசலுக்குமாக நடக்கிற தகப்பன், கிரைப் வாட்டர் புட்டி வாங்கி வருகிறவனைக் காட்டிலும் அந்த வீட்டுக்குப் பெரிதும் உபயோகப்படுவான்.